வெயில் காட்டச் சொன்ன மிஸ்

செய்தி வந்தபோது காலை பத்து நாற்பது. புதன்கிழமை, கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் பிள்ளை கிளினிக். நிறை பார்க்கும் தொட்டிலில் ஒரு பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. தடுப்பூசிக்கு வந்த தாய்மார் ஒன்பது பேர் நீள வாங்குப் பலகையில் இருந்தார்கள். கிளினிக்குக்கு உதவிக்கு வரும் சித்தி பரீதா என்பவளின் போன் அடித்தது. அவள் ஒரு கையால் பிள்ளையின் வயிற்றைத் தொட்டபடியே மற்றக் கையால் போனை எடுத்தாள். "ம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ம்." பிறகு தராசைப் பார்த்து, "நாலு கிலோ அறுநூறு" என்று வழக்கம்போல உரத்துச் சொன்னாள். பதில் கடமைக்கு வந்திருந்த குடும்பநல மாது மிஸ் அதைப் பிள்ளையின் அட்டையில் எழுதி முடிக்கும்வரை நின்றுவிட்டு, "சிவாஜினி மிஸ் மோசம் போயிட்டாவாம்" என்றாள்.

வாங்கில் ஒருத்தி கேட்டாள்: "ஆரு, வெயில் காட்டச் சொன்ன மிஸ்ஸா?"

"பிறகு வந்து காட்ட வேணாம் எண்டும் சொன்னவ" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அவதான்" என்றாள் சித்தி பரீதா.

இறந்த செய்தி கேட்டும் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஊசி போட வேண்டிய ஒன்பது பிள்ளைகளுக்கும் அன்று ஊசி போடப்பட்டது. சிவாஜினிக்கு அது தெரிந்திருந்தால் போதும் என்றிருக்கும். அவளுடைய கடைசி நான்கு மாதப் பயம் முழுவதும் அந்த வாங்கைப் பற்றியதுதான்.

அவள் திருகோணமலை உவர்மலையில் பிறந்தவள். அப்பா யோகலிங்கம் துறைமுகப் பண்டகசாலையில் பொருள் பொறுப்பாளர். சாக்கின்மேல் அச்சடித்திருப்பதையெல்லாம் மகளிடம் வாசிக்கச் சொல்வாராம். அந்தப் பழக்கம் அவளை விடவே இல்லை. பிஸ்கற் பெட்டியோ, பூச்சி மருந்துப் போத்தலோ, கையில் எடுத்தால் பின்பக்கச் சின்ன எழுத்து முடியும்வரை கீழே வைக்கமாட்டாள். உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. இரண்டாம் முறையும் போதவில்லை. மூன்றாம் முறை எடுக்கச் சொன்னவர்களிடம், "எனக்கு டொக்டராக வேணுமெண்டில்லை, பிள்ளைகளைப் பாக்க வேணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு குடும்பநல மாது பயிற்சிக்குப் போனாள். 2003இல் கிண்ணியாப் பக்கம் நியமனம் கிடைத்தது. அப்போது பாலம் கட்டவில்லை. காலையும் மாலையும் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடலைக் கடக்க வேண்டும். பாதையில் நின்றபடி தாய்மாரின் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவாள். பாலம் வந்தபின் ஸ்கூட்டி வாங்கினாள். கறுப்புக் குடை ஒன்று எப்போதும் அதன் முன்பக்கம் செருகியிருக்கும்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் அவளுக்கென்று ஒரு வரிசை இருந்தது. கையைக் கழுவுவாள். தொப்புளைப் பார்ப்பாள். தாய் பால் கொடுப்பதைப் பார்ப்பாள். கடைசியில், செருப்பைப் போட்டுக்கொண்டே, "காலையில வெயில் காட்டுங்கோ. சட்டை கழட்டி, பத்து நிமிசம்" என்பாள். எலும்புக்கு நல்லது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வசனம். இருபத்தொரு வருடம் ஒரு வீடு தவறாமல் சொன்னாள்.

2024 ஜனவரியில் குறிஞ்சாக்கேணியில் றிஷானாவுக்கு முதற்பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. ஏழாம் நாள் முடி இறக்கி மின்ஹா என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் அர்ஷாக் கட்டாரில். மகளைப் போனில்தான் பார்த்திருந்தான். சிவாஜினி வழக்கம்போலப் போய், வழக்கம்போல எல்லாம் பார்த்து, வழக்கம்போல வெயில் காட்டச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த முறை போனபோது பிள்ளையின் மொட்டைத் தலையிலும் கன்னத்திலும் சிவப்புச் சிவப்பாகக் குரு கிளம்பியிருந்தது.

"என்ன பூசினனீங்கள்?"

"ஒண்டும் பூசல்ல மிஸ்."

"எண்ணெய்?"

"இல்ல மிஸ்."

"சந்தனம், மஞ்சள்?"

"அதெல்லாம் நீங்கதானே வேணாம் எண்ட."

றிஷானா பொய் சொல்கிற ஆளில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும். வேர்க்குருவாக இருக்கும் என்று சிவாஜினி சவர்க்காரத்தை நிறுத்தச் சொன்னாள். குறையவில்லை. ஒரு கிழமை கழித்துத் தாயின் சாப்பாட்டை விசாரித்தாள். றிஷானாவின் தம்பி றிகாஸ் களப்பில் மீன்பிடித் தொழில் செய்கிறவன். வீட்டில் இறாலும் நண்டும் இல்லாத நாளே இல்லை. "கொஞ்ச நாளைக்கு இறால் வேண்டாம்" என்றாள் சிவாஜினி. பிறகு நண்டு வேண்டாம் என்றாள். பிறகு மீனே வேண்டாம் என்றாள். களப்பைப் பார்த்த குசினிக்குள் இருந்துகொண்டு, பால் கொடுக்கிற அந்தப் பெண் ஒரு கிழமை பருப்பும் சோறும் சாப்பிட்டாள். றிகாஸ் கூடையோடு வந்து எட்டிப் பார்த்து, "மிஸ், இன்னும் எங்கட மீன் மேலதான் வழக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

பிறகொரு நாள் போனபோது பிள்ளையின் கண்ணிலிருந்தும் நீர் வடிந்தது. சிவாஜினிக்குப் பயம் பிடித்தது. திங்கட்கிழமை டொக்டரிடம் காட்டுவோம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது. அப்போது கட்டாரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது.

"மின்ஹாக்கு கிறீம் போட்டாச்சா?" என்று அர்ஷாக்கின் குரல் கேட்டது. "வெயில் ஏறப்போகுது."

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றாள் றிஷானா.

சிவாஜினி செருப்பிலிருந்து காலை எடுத்தாள்.

"என்ன கிறீம்?"

"வெயில் கிறீம் மிஸ். அவர் அனுப்பின."

"ஒண்டும் பூசேல்ல எண்டு மூண்டு முறை சொன்னனீங்கள், பிள்ளை?"

றிஷானா திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். "பூசல்லதானே மிஸ். போட்டது."

"ரெண்டும் ஒண்டுதானே!"

"எப்பிடி மிஸ் ஒண்டாகும்? மருந்து பூசுற, சந்தனம் பூசுற. பவுடர், கிறீம் எல்லாம் போடுற."

போனுக்குள் இருந்த அர்ஷாக், "ஓம் மிஸ், அது போடுறதுதான்" என்று சாட்சி சொன்னான்.

சிவாஜினி மறுபடி கதிரையில் இருந்தாள். இருபத்தொரு வருடமாக இந்த ஊர்க்காரரோடு கதைக்கிறாள். அவர்களுடைய பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், ஊசி போட்ட நாள் எல்லாம் தலைக்குள் இருக்கிறது. இந்த ஒரு சொல்லின் வித்தியாசம் இல்லை.

"சரி. ஏன் போட்டனீங்கள்?"

"நீங்கதானே மிஸ் வெயில் காட்டச் சொன்ன. அதுவும் சட்டை கழட்டி. பொம்புளப் புள்ள, கறுத்துப்போனா நாளைக்கு ஊரே கதைக்கும். அதால தலையிலயிருந்து கால் மட்டும் போட்டுட்டுத்தான் வெயில்ல கிடத்துற. ஐம்பது எண்டு போட்டிருக்கு மிஸ். ஐம்பது நாள் போட்டா நிறம் நிண்டுரும்தானே? இண்டைக்கு இருபத்தி மூணு."

அந்த இலக்கம் வெயிலைத் தடுக்கும் அளவு. நாள் கணக்குமில்லை, நிறக் கணக்குமில்லை. அதைச் சொன்னபோது றிஷானாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபக்கத்தில் அர்ஷாக், "நான் அப்பவே சொன்னன், இவள் கேக்கல்ல" என்றான். "நீங்கதானே ஐம்பது நாள் எண்டு சொன்ன!" என்று அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று சிவாஜினி அவளை ஏசவில்லை. ஏச வேண்டிய ஆள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெயில் காட்டச் சொன்னது அவள். அந்த வசனம் பிள்ளை கறுத்துப்போகுமோ என்ற பயத்துக்குள் போய் விழுந்து, ஒரு டியூப் கிறீமாக வெளியே வந்து, ஒரு மாதப் பிள்ளையின் மொட்டைத் தலையில் இருபத்து மூன்று நாள் ஊறியிருக்கிறது. கைவிரல்களிலும் போட்டிருக்கிறார்கள், பிள்ளை கையைச் சூப்புகிற பிள்ளை. இடையில் பழி மீன்மேல் போனது.

டியூப்பை வாங்கிப் பைக்குள் வைத்தாள். கிறீமை நிறுத்தி வெறும் தண்ணீரால் கழுவச் சொன்னாள். "மீன் சாப்பிடுங்கோ, பிள்ளை. இண்டைக்கே சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே கொஞ்சத் தூரம் நடந்தாள்.

அன்று மாலை முழுவதும் டியூப்பின் பின்பக்கத்தோடுதான் இருந்தாள். ஒரு பக்கம் அரபு, மற்றப் பக்கம் ஆங்கிலம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கணவன் ஆனந்தராசா மின்சார சபையில் வேலை. தேநீரோடு வந்து பார்த்துவிட்டு, "அதை முடிச்சுப்போட்டு வாரும், பற்பசை டியூப் ஒண்டும் இருக்கு" என்றார். அவள் சிரிக்கவில்லை. வெயிலைத் தடுக்கும் பொருள் என்று போட்டிருந்த ஒக்சிபென்சோன் என்ற பெயரை ஒரு தாளில் எழுதி அடியில் கோடு போட்டாள்.

திங்கட்கிழமை டொக்டர் பிள்ளையைப் பார்த்தார். தோல் ஒவ்வாமைதான், அடங்கிவிடும் என்றார். எந்தப் பொருளால் என்று கேட்டாள் சிவாஜினி. அது சொல்ல ஏலாது, வாசனைக்குப் போட்டதாகவும் இருக்கலாம் என்றார் அந்த இளம் பெண் டொக்டர். தாளில் கோடு போட்ட பெயரைப் பார்த்ததும் கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இந்தக் கிறீம்கள் ரெண்டு வகை, மிஸ். நாக ஒக்சைட், அதுதான் சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டைஒக்சைட் எண்டு கனிமப் பொடி போட்டது ஒண்டு. அது பெரும்பாலும் தோலுக்கு மேலேயே நிண்டு வெயிலை மறிக்கும். மற்றது இப்பிடி இரசாயனம் போட்டது. இது கொஞ்சம் தோலுக்குள்ளால போகும். பெரியாக்கள் உடம்பு முழுக்கப் போட்டு ஆய்வு செய்து பாத்ததில ரத்தத்தில இருந்திருக்கு."

"அப்ப கெடுதல்தானே?"

"ரத்தத்தில இருந்தது எண்டால் கெடுதல் செய்தது எண்டு அர்த்தமில்லை. கெடுதல் இல்லை எண்டு சொல்லவும் போதிய ஆய்வு இல்லை. கைக்குழந்தையின்ர தோல் மெல்லிசு. நிறையோட பாத்தா தோலின்ர பரப்பும் கூட. அதால ஆறு மாதம் மட்டும் எந்தக் கிறீமும் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம் எண்டுதான் சொல்லுறது. நிழல், தொப்பி, நீட்டுக் கைச் சட்டை."

"நான் வெயில் காட்டச் சொல்லுறனான்" என்றாள் சிவாஜினி.

டொக்டர், "கனபேர் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டிருக்கினம், மிஸ்" என்றார்.

வழியில் அவளுக்கு நிலாவெளிக் கடற்கரை நினைவுக்கு வந்தது. பல வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் தாய் கைக்குழந்தைக்குக் கழுத்துவரை மூடிய சட்டையும் காது மறைக்கும் தொப்பியும் போட்டு, குடைக்குக் கீழே வைத்திருந்தாள். "வெயிலுக்கெண்டு இவ்வளவு தூரம் வந்துபோட்டு பிள்ளையைச் சாக்கில கட்டி வைச்சிருக்கிறாள்" என்று சிவாஜினி தமக்கையோடு சேர்ந்து சிரித்தாள்.

மின்ஹாவின் குரு ஒன்பது நாளில் உதிர்ந்தது. றிகாஸ் ஒரு கோர்வை மீனோடு கிளினிக் வாசலுக்கே வந்து, "மிஸ், மீனுக்கு விடுதலையாம்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் அந்த மீனை வாங்கவில்லை. அக்காவுக்கே கொடுக்கச் சொன்னாள்.

அடுத்த புதன் கிளினிக்கில் அவள் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். "பிள்ளைக்கு வெயில் கிறீம் ஆர் பூசுறீங்கள்?" ஒருவரும் இல்லை. "ஆர் போடுறீங்கள்?" பதினொரு பேரில் ஏழு பேர் கையைத் தூக்கினார்கள். பைக்குள்ளிருந்து டியூப்களும் வெளியே வந்தன: கட்டார், சவூதி, குவைத். ஒன்று வெடித்த குதிக்காலுக்குப் போடுவது. அதைக் கொண்டுவந்தவளை மற்றவர்கள் கேலி செய்ததில் அவள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "நஞ்சா மிஸ்?" என்று கேட்டாள்.

"நஞ்சு எண்டு நான் சொல்லேல்ல. தெரியாது எண்டு சொல்லுறன். தெரியாததை ஒரு மாசப் பிள்ளையின்ர உடம்பில பாத்துத் தெரிஞ்சுகொள்ள வேண்டாம்."

வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் முடிந்தது என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். சிவாஜினி மறுத்துவிட்டாள். "போட்டால் எல்லாரும் 'ஓம் மிஸ்' எண்டு ஒரு பூப் படம் அனுப்புவினம். வெயில் காட்டச் சொன்னது வீட்டுக்குப் போய்த்தான். வேண்டாம் எண்டு சொல்லவும் வீட்டுக்குத்தான் போகோணும்."

ஆனந்தராசா வேறொன்று சொன்னார். இந்த முறை கேலியாக இல்லை. "இருபத்தொரு வருசம் சொன்னதைப் பிழையெண்டு நீரே படியேறிச் சொன்னா, நாளைக்கு ஊசி போட வாங்கோ எண்டா வருவினமா? இதுவும் பிழையாயிருக்கும் எண்டு இருந்துவிட்டா?"

அது அவளைக் குத்தியது. தடுப்பூசிக்கு ஒரு பிள்ளை தவறினாலும் வீட்டு வாசலில் போய் நிற்கிறவள் அவள். கிண்ணியாப் பக்கம் அவள் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த ஒரு நம்பிக்கைதான். "சொல்லாமல் விட்டு, பிறகு ஆரும் சொல்லித் தெரிஞ்சுதெண்டா மட்டும் வருவினமா?" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, பயம் போகவில்லை.

கொப்பியின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினாள். அண்மையில் வெயில் காட்டச் சொன்ன, ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐம்பத்தெட்டு. கடமை நேரத்தில் முடிந்தது போக மிச்சத்துக்குப் பின்னேரங்களில் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் கதிரையில் இருந்துகொண்டுதான் சொன்னாள், செருப்பைப் போட்டுக்கொண்டல்ல. "நான் சொன்னது அரைவாசி. மிச்சத்தைச் சொல்ல வந்தனான். வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும். பிள்ளைக்குக் கிறீம் பூசவும் வேண்டாம், போடவும் வேண்டாம், தடவவும் வேண்டாம்."

சில வீடுகளில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் வாசலிலேயே வைத்துக் கேட்டாள் ஒருத்தி: "மூத்தவனுக்கும் நீங்கதான் வெயில் காட்டச் சொன்ன. அவன் கறுத்தது கறுத்ததுதான். இனி வெள்ளையாக்கித் தருவீங்களோ?" இன்னொருத்தி, "அடுத்த மாசம் வந்து வெளிச்சமும் வேணாம் எண்டு சொல்லுவீங்களா மிஸ்?" என்றாள். சிவாஜினி, "படிச்சுப் பாத்துச் சொல்லுறன்" என்றாள். அதற்கு அந்த வீடே சிரித்தது. ஆனால் கறுப்பைப் பற்றிய கதைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. "என்ர நிறத்தைப் பாருங்கோ. எனக்கென்ன குறை?" என்று கேட்டுவிட்டு பதில் வரும்வரை இருப்பாள்.

இறக்கக்கண்டியிலிருந்து கலியாணம் செய்து வந்த ஒருத்தி, மூன்று வயது மகன் பகல் முழுக்கத் தகப்பனோடு கடற்கரையில் நிற்கிறானே, அவனுக்கும் போடக் கூடாதா என்று கேட்டாள். அவனுக்கு முதலில் சட்டையும் தொப்பியும், பத்து மணிக்குப் பிறகு நிழல் என்றாள் சிவாஜினி. அதற்கு மேலும் தேவையென்றால் நாக ஒக்சைட் போட்டது, முகத்திலும் கையிலும் மட்டும், முதல் நாள் கையில் ஒரு பொட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு. டியூப்பின் பின்பக்கத்தில் எந்தச் சொல்லைத் தேடுவது என்று ஒரு துண்டுத் தாளில் ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தாள். அந்தத் தாளை அவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த மாதங்களில் ஊசிக்குப் பிள்ளைகள் குறைகிறார்களா என்று ஒவ்வொரு புதனும் வாங்கை எண்ணினாள். சித்தி பரீதாவுக்கு அது ஏனென்று தெரியும். ஒருநாள், "மிஸ், எண்ணிக்கொண்டே இருக்காதீங்க. முந்தி நீங்க சொன்னா நாங்க தலையாட்டின. இப்ப கேள்வி கேக்குற. வராம விட்டவ ஆரு?" என்றாள். சிவாஜினி அதை நம்பவும் செய்தாள், அடுத்த புதன் எண்ணவும் செய்தாள்.

ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை பின்னேரம், மறுநாளுக்கான சேலையை அயன் பண்ணிக்கொண்டு நின்றவள் தலையைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். மூளையில் இரத்தக் கசிவு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வயது நாற்பத்தொன்பது.

உவர்மலை வீட்டுக்குக் கிண்ணியாவிலிருந்து இரண்டு பஸ்ஸில் ஆட்கள் வந்தார்கள். றிஷானாவும் வந்தாள். மின்ஹாவுக்கு நீட்டுக் கைச் சட்டையும் காதை மூடிய தொப்பியும் போட்டிருந்தாள். முற்றத்தில் கதிரைகள் வெயிலில் கிடந்தன, அவற்றில் அவள் இருக்கவில்லை. வேலி ஓரத்து வேம்பு நிழலில் பிள்ளையை வைத்துக்கொண்டு, சவப்பெட்டி எடுக்கும்வரை நின்றாள்.

கொப்பி இப்போது அலுமாரியின் மேல் தட்டில், அந்தக் கறுப்புக் குடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கப் பட்டியலில் ஐம்பத்தேழு பெயர்களுக்குச் சரி போட்டிருக்கிறது. ஐம்பத்தெட்டாவது ஸப்வான் என்ற ஆண் பிள்ளை. தாய் பிள்ளையோடு கந்தளாயில் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பெயருக்கு நேரே "கந்தளாய், சனி, ஏழு மணி பஸ்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. சரி போடவில்லை. ஸப்வானுக்கு இந்த மாதம்தான் ஐந்து மாதம் முடிகிறது.